சீனி வருத்தம் உள்ளவர் சில வருடங்களில் கிளினிக் போகவே மறுப்பது ஏன்?

இதற்கு நீரிழிவு மனச்சுமை என்று பெயர். குளிசை, சாப்பாடு, இரத்தப் பரிசோதனை என்று ஒரு நாளும் விடுப்பில்லாத கவனிப்பு மனதைக் களைக்கச் செய்துவிடுகிறது.

தேயிலைக் கொழுந்து பறித்த மலைக்கு ஏழெட்டு நாளில் திரும்பவும் போகத்தான் வேண்டும். வேலை முடிந்தது என்று கூடையை இறக்கிவைக்க முடியாது. சீனி வருத்தமும் அப்படித்தான். அதைவிட நோகடிப்பது, பாடுபட்டாலும் அளவு இறங்காத நாட்கள். காய்ச்சல், தூக்கமின்மை, கவலை எல்லாம் உடலில் சில சுரப்புகளைக் கூட்டும். அவை ஈரலில் சேமித்த சீனியை இரத்தத்தில் இறக்கிவிடும். வாயைக் கட்டியவருக்கும் அளவு ஏறலாம். அந்த நேரத்தில் வீட்டார் "என்னத்தச் சாப்பிட்டீங்க?" என்று விசாரித்தால், அடுத்த முறை அவர் அளவை மறைப்பார், பிறகு கிளினிக்கையே தவிர்ப்பார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லாதீர்கள். முதல் வாரம் தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி சீனியை ஒன்றாக்கினால் போதும். சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் மெட்ஃபோர்மின் குளிசை வயிற்றைக் குழப்பினால் சாப்பாட்டோடு எடுக்கலாம். அப்படியும் சரிவராவிட்டால் வைத்தியரிடம் சொல்லுங்கள், தானாக நிறுத்த வேண்டாம். கிளினிக் நாளில் லயத்திலிருந்து ஒருவர் கூடப் போவது பெரிய உதவி.

இரண்டு வாரமாக அநேகமாகத் தினமும் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், வைத்தியரிடம் காட்டுங்கள். இலங்கையின் தேசிய மனநல உதவி எண் 1926.

நீரிழிவு மனச்சுமையைச் சோம்பல் என்றும் பிடிவாதம் என்றும் பலர் நினைக்கிறார்கள்; வருடக்கணக்காக ஒழுங்காக மருந்தெடுத்தவருக்கும் இது வரும்.