அடுப்படி கேள்வி பதில்: சிக்கன் கீமா, ஒரே வாணலி, அரை மணி நேரம்

கேள்வி: வேலை முடிந்து வந்து சமைக்க அரை மணி நேரம்தான் கிடைக்கிறது. சிக்கன் கீமா சீக்கிரம் வேகும் என்று வாங்கி வந்து வாணலியில் போட்டால் தண்ணீராக விட்டுக்கொண்டு, வெளிறிப்போய், ரப்பர் துணுக்கு மாதிரி ஆகிவிடுகிறது. மசாலா எவ்வளவு போட்டாலும் ருசி ஏறவில்லை. எங்கே தப்பு?

பதில்: மசாலாவில் தப்பில்லை, கரண்டியில்தான் தப்பு. கீமாவை வாணலியில் கொட்டிய அடுத்த நொடியே கிளற ஆரம்பிக்கிறோம், எல்லோரும் செய்கிற வேலைதான் இது. கோழிக்கறியில் பெரும்பகுதி தண்ணீர். அரைத்த கறியில் அந்தத் தண்ணீர் வெளியே வர ஆயிரம் வாசல். அது வாணலியில் தேங்கி நிற்கும்வரை கறி 100 டிகிரியைத் தாண்டவே தாண்டாது, அதாவது வதங்காது, வேக மட்டும் செய்யும். நல்ல மணமும் பழுப்பு நிறமும் சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் வரும். ஆக, தண்ணீரைச் சீக்கிரம் விரட்டினால் பாதி வேலை முடிந்தது.

அரை கிலோ கீமாவுக்கு 30 சென்டிமீட்டர் அகலமாவது உள்ள வாணலி வேண்டும். அதைவிடச் சின்னதுதான் இருக்கிறது என்றால் இரண்டு தடவையாகப் போடுங்கள், ஐந்து நிமிஷம் கூடப் போகும், போகட்டும். கீமாவை டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டு, வாணலியை நன்றாகச் சூடாக்கி, ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் விட்டு, கீமாவை அப்படியே ஒரே தட்டையாக அழுத்திப் பரப்பிவிடுங்கள். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். நான்கைந்து நிமிஷம் தொடவே கூடாது. முதலில் சளசளவென்று கொதிக்கிற சத்தம் வரும், அது தண்ணீர். கொஞ்ச நேரத்தில் அது அடங்கிச் சடசடவென்று பொரிகிற சத்தமாக மாறும், ஓரத்தில் பழுப்புக் கோடு தெரியும், அப்போதுதான் பெரிய பெரிய துண்டாகப் பிரித்துத் திருப்பிப் போட வேண்டும். இன்னும் இரண்டு நிமிஷம் விட்டுவிட்டு, மரக்கரண்டியால் வேண்டிய அளவுக்கு உடைத்துக்கொள்ளலாம். எல்லாப் பக்கமும் சிவக்க வேண்டும் என்று அவசியமில்லை, ஒரு பக்கம் நன்றாகச் சிவந்தாலே மொத்தத்துக்கும் அந்த ருசி வந்துவிடும், மிச்சப் பக்கங்களையும் சிவக்கவைக்கிறேன் என்று போனால் காய்ந்துதான் போகும்.

வெங்காயத்தை முதலில் வதக்கித்தான் பழக்கம் என்பீர்கள். இதில் மட்டும் மாற்றிப் பாருங்கள். கறி வெந்ததும் சுத்தமான ஒரு தட்டில் எடுத்து வைத்துவிட்டு (பச்சைக்கறி இருந்த தட்டு வேண்டவே வேண்டாம்), அதே வாணலியில் வெங்காயத்தைப் போடுங்கள். வெங்காயம் விடுகிற ஈரத்திலேயே அடியில் ஒட்டியிருக்கிற பழுப்புப் படலம் கரைந்து வரும், அதைச் சுரண்டிச் சுரண்டி வெங்காயத்தோடு கலந்துவிடுங்கள், மொத்தச் சமையலின் ருசியும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெங்காயம் வதங்கிய பிறகு பூண்டு, அரை நிமிஷம் போதும், முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும். பொடிகளை அந்த எண்ணெயிலேயே ஒரு புரட்டு, தக்காளி, ஒரு கை தண்ணீர், எடுத்து வைத்த கறியை மறுபடி போட்டு மூன்று நிமிஷம். இறக்கிவைத்து எலுமிச்சை பிழிந்தால் சரி. வெங்காயம் நறுக்கும் நேரத்தையும் சேர்த்தாலும் 25 நிமிஷத்துக்கு மேல் ஆகாது.

கேள்வி: நெஞ்சுக்கறி கீமா நல்லதா, தொடைக்கறி கீமா நல்லதா? கொழுப்பு வேண்டாம் என்று நெஞ்சுக்கறிதான் வாங்குகிறேன், ஆனால் வறண்டு போகிறது.

பதில்: வறளத்தான் செய்யும், அதில் கொழுப்பே கொஞ்சம். வாணலிச் சமையலுக்கு என்னைக் கேட்டால் தொடைக்கறி, அல்லது இரண்டும் பாதிப் பாதி. உடம்புக்காக நெஞ்சுக்கறிதான் என்று முடிவெடுத்திருந்தால் ஒரு வழி இருக்கிறது. அரை கிலோவுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடாவை ஒரு மேஜைக்கரண்டி தண்ணீரில் கரைத்துப் பிசறிக் கால் மணி நேரம் வையுங்கள், அந்த நேரத்தில் காய் நறுக்கிக்கொள்ளலாம். சோடா கறியின் காரத்தன்மையைக் கொஞ்சம் கூட்டுவதால் சூட்டில் புரதம் இறுக்கிப் பிழியாமல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் சிவக்கவும் செய்யும். அளவு முக்கியம், கூடினால் சோப்பு வாடை அடிக்கும், அப்புறம் அந்தச் சட்டியை யாரும் தொட மாட்டார்கள்.

உப்பையும் யோசித்துப் போடுங்கள். பச்சைக் கீமாவில் உப்புப் போட்டுப் பிசைந்து வைத்தால் புரதம் கரைந்து ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு சாசேஜ் மாதிரி இறுகிவிடும். உருண்டையோ வட்டையோ (கட்லெட் மாதிரித் தட்டையான வட்டம்) தட்டுவதென்றால் அந்தப் பிடிப்பு கொஞ்சம் வேண்டும். உதிரியாக வேண்டுமென்றால் உப்பை வாணலியில், கறியை உடைத்துவிடும் நேரத்தில் போடுவதே மேல்.

கேள்வி: கீமாவைக் கழுவ வேண்டாமா? கழுவாமல் சமைக்க மனசு வரவில்லை.

பதில்: வேண்டாம். கழுவினால் கிருமி போகாது, தெறிக்கிற தண்ணீரோடு சிங்க், மேடை, பக்கத்தில் நறுக்கி வைத்திருக்கிற வெள்ளரிக்காய் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். கிருமியைக் கொல்வது அடுப்பின் வேலை. கீமாவைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள், அது போதும். கழுவிய கீமா தண்ணீரைக் குடித்துக்கொண்டு வரும் என்பதால், முதல் கேள்வியில் பட்ட பாடெல்லாம் மறுபடி படவேண்டியிருக்கும்.

கேள்வி: எல்லாம் முடிந்து பார்த்தால் சில துணுக்குகள் லேசாக இளஞ்சிவப்பாக இருக்கின்றன. வெந்ததா வேகவில்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பயத்தில் இன்னும் பத்து நிமிஷம் வேகவைக்கிறேன்.

பதில்: அந்தப் பத்து நிமிஷத்தில்தான் கறி சருகாகிறது. நிறத்தை நம்பாதீர்கள், இரண்டு பக்கமும் ஏமாற்றும். நன்றாக வெந்த கோழியும் சில சமயம் இளஞ்சிவப்பாக இருக்கும், வெளுத்துப் போனது வேகாமலும் இருக்கும். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், அடுப்படிக்கு வாங்குகிற வேறெந்தச் சாமானையும்விட அது உபயோகம். கோழியோ வான்கோழியோ, கீமாவுக்கு 74 டிகிரி செல்சியஸ் வந்தால் வெந்தது, அவ்வளவுதான். முழுக்கறியில் கிருமி பெரும்பாலும் மேல்பரப்பில் இருக்கும். அரைக்கும்போது மேலே இருந்தது உள்ளே எல்லாம் கலந்துவிடுகிறது, அதனால்தான் கீமாவில் 'உள்ளே கொஞ்சம் பச்சையாக இருக்கட்டுமே' என்ற பேச்சுக்கே இடமில்லை.

உதிரிக் கீமாவில் தெர்மாமீட்டரை எங்கே குத்துவது என்று அடுத்து கேட்பீர்கள். வாணலியில் இருப்பதை ஓரமாக ஒரு குவியலாகக் குவித்து, நடுவில் முனை வாணலியைத் தொடாமல் குத்திப் பாருங்கள், தொட்டால் அது வாணலியின் சூட்டைத்தான் சொல்லும். இரண்டு மூன்று இடத்தில் பார்த்தால் நல்லது. வட்டைகள் என்றால் பக்கவாட்டில் செருகுங்கள், மேலிருந்து குத்தினால் அந்த மெல்லிசுக்குள் முனை சரியான இடத்தில் நிற்காது.

கேள்வி: சாதத்தைத் தனியாக வைக்காமல் அதே வாணலியில் அரிசியையும் போட்டு முடிக்க முடியுமா? போன தடவை மேலே அரிசி நறுக்கென்று, அடியில் கஞ்சி.

பதில்: முடியும், ஆனால் அரை மணி நேரக் கணக்கில் வராது, முக்கால் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நடந்ததற்குக் காரணம் மூடி சரியாக உட்காராதது, அல்லது நடுவில் நடுவில் திறந்து பார்த்தது. இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம். நீளமான மெல்லிய அரிசி ஒரு கப்புக்கு இரண்டு கப் தண்ணீர், தக்காளி நிறையப் போட்டிருந்தால் கால் கப் குறைத்துக்கொள்ளுங்கள். வெங்காயம் வதக்கிய எண்ணெயில் அரிசியை ஒரு நிமிஷம் புரட்டி, கறியைப் போட்டு, தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டும், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சூடேறும்வரை அரிசி ஊறிக்கொண்டே நிற்கும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி, 15 முதல் 18 நிமிஷம், அடுப்பை அணைத்தபின் மூடியபடியே இன்னொரு 5 நிமிஷம். கிளறவே வேண்டாம். (இந்தப் பக்கம் முழுக்க 'கிளறாதே, கிளறாதே' என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.) தண்ணீருக்குப் பதில் ஸ்டாக் (எலும்போ காயோ கொதிக்கவைத்து வடித்த சாறு) ஊற்றினால் உப்பைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் சுலபமான வழி, ஃப்ரிட்ஜில் முந்தின நாள் சாதம் இருந்தால் கடைசியில் போட்டுப் பெரிய தீயில் நன்றாகச் சூடேறும்வரை மூன்று நான்கு நிமிஷம் புரட்டுவது. பசியோடு இருக்கிற நாளில் நான் சொல்வது இதைத்தான்.

கேள்வி: காய்கறியும் அதிலேயே சேர்க்க வேண்டும். எதை எப்போது போடுவது?

பதில்: தண்ணீர் விடுகிற காயா, விடாத காயா என்று மட்டும் பாருங்கள். காளான், சீமைச் சுரைக்காய் இரண்டும் தண்ணீர்த் தொட்டி, கறியோடு போட்டால் கறி வெந்நீரில் நீந்தும். கறியை எடுத்து வைத்த பிறகு போட்டு, தண்ணீர் வற்றும்வரை விடுங்கள். முட்டைகோஸைப் பொடியாகச் சீவி வெங்காயத்தோடு போட்டால் ஐந்து நிமிஷத்தில் அடங்கிவிடும், கீமாவுக்கு அதைவிடப் பொருத்தமான காய் இல்லை என்பது என் கட்சி. குடைமிளகாயும் வெங்காயத்தோடுதான். கேரட்டைத் துருவிவிடுங்கள், துண்டு போட்டால் காத்திருக்க வேண்டும். உறைந்த பட்டாணி கடைசி மூன்று நிமிஷம், கீரை கடைசி ஒரு நிமிஷம். உருளைக்கிழங்குதான் தொல்லை, சின்னத் துண்டாக இருந்தாலும் வேக கால் மணியாகும். மைக்ரோவேவில் நாலைந்து நிமிஷம் முக்கால் பதம் வேகவைத்துவிட்டு வாணலிக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: இரும்பு வாணலியில் செய்யலாமா, நான்ஸ்டிக் நல்லதா?

பதில்: சிவக்க வைப்பதற்கு இரும்பு, சந்தேகமே இல்லை. கனமான அடி என்பதால் குளிர்ந்த கறி விழுந்தாலும் சூடு சட்டென்று இறங்காது. பழகிய இரும்பில் தக்காளி பத்து நிமிஷம் கொதித்தால் ஒன்றும் ஆகாது, ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் படிந்த எண்ணெய்ப் பூச்சும் போகும், சாற்றில் இரும்பு வாடையும் ஏறும். சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை அதிலேயே விட்டு வைக்காதீர்கள். நான்ஸ்டிக்கில் கறி ஒட்டாது, அதனாலேயே அடியில் அந்தப் பழுப்புப் படலமும் சரியாக வராது. அதைக் காலியாகப் பெரிய தீயில் காயவும் வைக்கக் கூடாது, பூச்சு சுமார் 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும், வெறும் வாணலி அந்தச் சூட்டை எட்ட ரொம்ப நேரம் வேண்டாம். எவர்சில்வர் வாணலி இருந்தால் அதுவும் நல்லதுதான், கறி முதலில் ஒட்டும், சிவந்ததும் தானே விட்டுவிடும், இழுத்துப் பிய்க்காமல் பொறுத்திருக்க வேண்டும்.

கேள்வி: ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைக்க மறந்துவிட்டேன், கல் மாதிரி இருக்கிறது. மேடையில் வைத்துவிட்டுப் போனால் சாயங்காலம் இளகிவிடுமே?

பதில்: இளகும், கிருமியும் பெருகும். வெளிப்பக்கம் இளகி மணிக்கணக்கில் அறைச் சூட்டில் கிடக்கும், உள்ளே இன்னும் கட்டியாக இருக்கும். கறியை மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். அவசரத்துக்குத் தண்ணீர் புகாத பையில் கட்டி, குளிர்ந்த தண்ணீரில் முக்கி வையுங்கள், அரை மணிக்கொரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். மைக்ரோவேவிலும் இளக்கலாம், ஓரம் லேசாக வேக ஆரம்பித்துவிடும், உடனே சமைத்துவிட வேண்டும். இரண்டு முறையிலும் இளக்கியதைச் சமைக்காமல் திரும்ப ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.

அடுத்த தடவைக்கு, கீமாவைப் பொட்டலமாகத் திணிக்காமல் பையில் போட்டு ஒரு விரல் கனத்துக்குத் தட்டையாக அழுத்தி உறையவையுங்கள். அடுக்கவும் இடம் மிச்சம், கட்டியாக உறைந்ததைவிடப் பாதி நேரத்துக்கும் குறைவாக இளகிவிடும். பையின் மேல் தேதி எழுதுங்கள். ஃப்ரிட்ஜில் பச்சைக் கீமா ஒன்றிரண்டு நாள்தான் தாங்கும். ஃப்ரீசரில் மூன்று நான்கு மாசம் ருசி கெடாமல் இருக்கும்.

கேள்வி: வான்கோழிக் கீமாவிலும் இதே மாதிரி செய்யலாமா?

பதில்: தாராளமாக. அளவும் நேரமும் சூடும் அதேதான். அதன் வாசனை கொஞ்சம் அழுத்தமாக இருக்கும், மிளகையும் பூண்டையும் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்.

கேள்வி: மிஞ்சியதை மறுநாள் மதியத்துக்கு டப்பாவில் எடுத்துப் போகலாமா?

பதில்: போகலாம், ராத்திரியே ஃப்ரிட்ஜுக்குள் போயிருந்தால். வாணலியோடு மூடி வைத்தால் நடுவில் சூடு ஆறவே ஆறாது, அகலமான பாத்திரத்தில் மெல்லிசாகப் பரப்பி, ஆவி அடங்கியதும் உள்ளே வையுங்கள், முழுக்கச் சில்லிட்டுப் போகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சாதம் கலந்திருந்தால் இன்னும் கண்டிப்பு, அரிசியில் இருக்கிற சில நுண்ணுயிர்களின் விதைகள் வேகவைத்தாலும் சாகாது, வெளியே கிடந்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும், மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. ஃப்ரிட்ஜில் வைத்தது மூன்று நாளைக்குள் காலியாகட்டும். சூடு பண்ணும்போது ஒரு மேஜைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடி, ஆவி பறக்கும்வரை, தெர்மாமீட்டர் இருந்தால் மறுபடி 74 வரும்வரை சூடாக்குங்கள். டப்பாவில் எடுத்துப் போகிறவர்கள் காலையில் வெதுவெதுப்பாக்கி அடைக்காமல், குளிர்ந்தபடியே குளிர்ப்பையில் கொண்டுபோய் அங்கே சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.