நூலகத்தின் வெளிச்சம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கட்டப்படவிருக்கும் ஒரு பொது நூலகத்தின் ஆலோசனைக் குழுவில் இருக்கிறேன். வரைபடங்கள் வந்துவிட்டன. மூன்று மாடி, முகப்பு முழுக்கக் கண்ணாடி, நடுவே கூரைவரை திறந்த கூடம், அதன்மேல் தட்டையான கண்ணாடிக் கூரை. புகழ்பெற்ற வெளிநாட்டு நூலகங்களின் படங்களைக் காட்டி, இதுவும் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். குழுவில் உள்ள மூத்த நூலகரோ புத்தகத்துக்கு வெளிச்சமே ஆகாது, ஜன்னலைக் குறைத்து விளக்குப் போடுங்கள் என்கிறார். யார் சொல்வது சரி? கட்டுமானம் தெரியாத எங்களைப் போன்றவர்கள் வரைபடத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

கா.

அன்புள்ள கா.,

நூலகரின் பயம் நியாயமானது. அவர் சொல்லும் தீர்வில்தான் எனக்கு உடன்பாடில்லை. வெளிச்சம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் ஜன்னல் வழியாக வருவது இரண்டு: வானத்தின் வெளிச்சம், நேர் வெயில். படிக்கும் மேஜைக்கு 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும். அலமாரியில் நூலின் பெயரைப் படிக்க 200. மேகமூட்டமான நாளில்கூட வெட்டவெளியில் 10,000 லக்ஸ் அளவுக்கு இருக்கும். அதில் இருபதில் ஒரு பங்கு மேஜைக்கு வந்தால் விளக்கே வேண்டாம். நேர் வெயில் 1,00,000 லக்ஸ். அது விழுந்த பக்கத்தைக் கண் கூசாமல் படிக்க முடியாது. அரிய நூல்களைக் காட்சிக்கு வைக்கும்போது 50 லக்ஸைத் தாண்டக்கூடாது என்பது வழக்கம். அந்தக் கணக்கில் ஒரு மணி நேர வெயில் 2,000 மணி நேரக் காட்சிக்குச் சமம். மலிவான மரக்கூழ்த் தாள் அதில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருளால் மஞ்சளாகிப் பொடியும். அட்டையில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறி நீலம் மட்டும் எஞ்சும்.

ஆகவே வானத்தை உள்ளே விட்டு வெயிலை வெளியே நிறுத்த வேண்டும். நல்ல நூலகக் கட்டடங்கள் எல்லாம் இதைத்தான் செய்திருக்கின்றன. அவற்றின் படத்தை மட்டும் எடுத்துவந்தால் இந்த ஏற்பாடு அதோடு சேர்ந்து வந்துவிடாது.

ஃபின்லாந்துக் கட்டடக் கலைஞர் அல்வர் ஆல்டோ, அன்று ஃபின்லாந்திலும் இன்று ரஷ்யாவிலும் உள்ள வீபுரி நகரில் 1935இல் கட்டி முடித்த நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூரையில் 57 வட்டத் திறப்புகள், ஒவ்வொன்றும் 1.8 மீட்டர் விட்டம், ஆழமான கூம்பு வடிவம். அந்த ஊரில் நடுக்கோடையிலும் சூரியன் ஏறத்தாழ 52 டிகிரிதான் ஏறும். அந்தக் கோணத்தில் நுழையும் கதிர் கூம்பின் வெள்ளைச் சுவரில் பட்டுச் சிதறித்தான் கீழே இறங்கும். படிக்கிறவரின் கை நிழல்கூடப் பக்கத்தில் அழுத்தமாக விழாது. நேர்ச்சுவர் கொண்ட குழல் என்றால் கணக்கு எளிது: விட்டத்தைச் சூரிய உயரக் கோணத்தின் டேன்ஜென்ட்டால் பெருக்கினால் வேண்டிய ஆழம். 52 டிகிரிக்கு 2.3 மீட்டர். சூரியன் 80 டிகிரி ஏறும் ஊரில் அதே திறப்புக்கு 10 மீட்டர் வேண்டும். உச்சந்தலைக்கு வரும் ஊரில் எந்த ஆழமும் போதாது.

உங்கள் தட்டையான கண்ணாடிக் கூரைக்கு அந்த ஆழமும் கிடையாது. அதை மூடிவிட்டு, கூரையின் நடுப்பகுதியை உயர்த்தி அதன் பக்கச் சுவர்களில் செங்குத்தான ஜன்னல் வைக்கச் சொல்லுங்கள். ஜன்னலுக்கு மேல் வெளியே நீட்டும் நிழல்பலகை எவ்வளவு நீள வேண்டும் என்பது அட்சரேகையைப் பொறுத்தது. வடக்கு 10 டிகிரியில், ஒரு மீட்டர் உயரத் தெற்கு ஜன்னலுக்கு டிசம்பர் நண்பகல் வெயிலைத் தடுக்க 66 சென்டிமீட்டர் வேண்டும். அங்கே ஜூனில் சூரியன் வடக்கே போய்விடுவதால் வடக்கு ஜன்னலுக்கும் 24 சென்டிமீட்டர் தேவை. வடக்கு வெளிச்சம் எப்போதும் பாதுகாப்பானது என்ற பாடம் வெப்பமண்டலத்துக்கு வெளியே எழுதப்பட்டது. கிழக்கிலும் மேற்கிலும் வெயில் தாழ்வாக வரும், கிடைமட்டப் பலகை உதவாது. மேற்கில் படிக்கட்டு, லிஃப்ட், கழிப்பறை, கிடங்கு இருக்கட்டும். உங்கள் கண்ணாடி முகப்பு எந்தத் திசை பார்க்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைக் கேளுங்கள்.

அடுத்தது, யார் எங்கே உட்கார்வது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயிஸ் கான் 1971இல் அந்நாட்டின் எக்ஸிடர் பள்ளி நூலகத்தில் நூல்களை உள்ளே தள்ளிவிட்டு வாசகர்களை வெளிச்சுவர் ஓரம் அமர்த்தினார். ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு சிறிய ஜன்னல், தானே இழுத்து மூடிக்கொள்ள மரக்கதவு. 1996இல் வாசகர்களுக்குத் திறந்த பாரிஸின் தேசிய நூலகம் நேர் எதிர். நூல்கள் கண்ணாடிக் கோபுரங்களுக்குப் போயின. பிறகு கண்ணாடிக்குப் பின்னால் மரத் தடுப்புகளை வைக்க வேண்டியிருந்தது. பகல் வெளிச்சம் ஜன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம்தான் உள்ளே வரும். மேல்விளிம்பு 3 மீட்டரில் இருந்தால் 6 மீட்டர். அதற்குள் மேஜைகள், அதற்கப்பால் அலமாரிகள். அலமாரிகள் ஜன்னலுக்குச் செங்குத்தாக நிற்கட்டும். இணையாக நின்றால் முதல் வரிசையே சுவராகிவிடும்.

இத்தகைய கட்டடங்கள் பெரும்பாலும் தோற்பது ஒரே விதத்தில். தினமும் ஒரு மணி நேரம் கண் கூசுகிறது, யாரோ திரையை இழுத்து மூடுகிறார், திறக்க யாருக்கும் நினைவிருப்பதில்லை. பிறகு ஆண்டு முழுவதும் பகலில் விளக்கு எரிகிறது. விளக்குகளின் சுவிட்சுகளை ஜன்னலுக்கு இணையான வரிசைகளாகப் பிரிக்காவிட்டால், திரை திறந்திருந்தாலும் இதே கதைதான்.

மேல்திறப்பு ஏதேனும் வைத்தே ஆகவேண்டுமென்றால், அதைச் சுற்றியுள்ள விளிம்புக்கட்டை பூச்சு முடிந்த கூரைத் தளத்துக்கு மேல் 15 சென்டிமீட்டராவது எழும்ப வேண்டும், இல்லாவிட்டால் ஒழுகும். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் தகடு மஞ்சளாகும், மழையில் இரையும். இரு கண்ணாடிகளைப் படலத்தால் ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி உடைந்தாலும் கீழே கொட்டாது, நடுவிலுள்ள படலம் புற ஊதாக்கதிரையும் பெரும்பாலும் நிறுத்திவிடும். துடைக்க ஆள் எப்படி ஏறுவார் என்பது வரைபடத்திலேயே இருக்க வேண்டும். திறந்த கூடத்தின் அடியில் குழந்தைகள் பகுதியை வைத்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள், சத்தம் மூன்று மாடிக்கும் ஏறும்.

கடைசியாக, 20இல் 1 பங்கு அளவில் ஓர் அட்டை மாதிரி கேளுங்கள். மாதிரியின் அளவு சிறிதானாலும் வெளிச்சம் விழும் விதம் மாறாது. அதில் ஒரு சூரியக் கடிகாரத்தை ஒட்டி வெயிலுக்குக் கொண்டுபோய், கடிகாரத்தின் நிழல் ஜூன் 21, மார்ச் 21, டிசம்பர் 21 ஆகிய நாட்களின் காலை 9, நண்பகல், மாலை 3 மணியைக் காட்டும்படி மாதிரியைச் சாய்த்துச் சாய்த்து வைத்து, பக்கத் துளை வழியாக உள்ளே பாருங்கள். வெயில் விழும் இடங்களைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். கோட்டுக்குள் மேஜையோ அலமாரியோ வந்தால், ஒப்புதல் கையெழுத்துப் போடாதீர்கள்.