‘யாழ்’ என்ற பெயர் குறித்து

வணக்கம். கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில் பதிவுசெய்த ஒலிகளை நுண்துகள்களாக நறுக்கி மீண்டும் கோக்கும் உங்கள் மென்பொருளுக்கு ‘யாழ்’ என்று பெயரிடலாமா எனக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. கொழும்பில் ‘யாழ்’ என்றதும் யாழ்ப்பாணமே முதலில் நினைவுக்கு வரும். அத்துடன், ழகரம் சிங்களத்தில் இல்லாததால், உங்களோடு சேர்ந்து இசைக்கும் சிங்கள நண்பர்கள் அதை வேறொரு சொல்லாகவே உச்சரிப்பார்கள், ரோமன் எழுத்தில் தேடுபவர்களும் தடுமாறுவார்கள். இசை, ஒலி ஆக்கத்துக்குப் பயன்படும் ‘மேக்ஸ்’ என்னும் மென்பொருள், 1957இல் கணினியில் ஒலியை உருவாக்கும் நிரலை எழுதிய மேக்ஸ் மேத்யூஸின் பெயரைத் தாங்கியது. உங்களுடையதோ அது செய்யும் வேலையிலிருந்தே பெயர் பெறட்டும். எனக்கு ‘மணல்’ மிகவும் பிடித்திருக்கிறது: துகள் என்ற பொருளும், எவரும் சொல்லக்கூடிய எளிமையும் அதில் உண்டு. அதே பெயரில் வேறு மென்பொருள் இருக்கிறதா என்று மட்டும் முதலில் தேடிப் பாருங்கள்.