சாப்ட்வேரை மாற்றுவதற்கு முன் அந்தப் போனைக் கீழே வையுங்கள்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரண்டு வருடம் முன்பு ஈ.ஆர்.பி. (ஆர்டர், உற்பத்தி, ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதியும் சாப்ட்வேர்) போட்டோம். இன்னமும் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் எக்செல்லில்தான் ஓட்டுகிறார், கட்டிங் மாஸ்டர் நோட்டில் எழுதுகிறார். நம் பழக்கத்துக்குத் தகுந்தபடி மாற்றி எழுதினால் சரியாகிவிடும் என்று ஒரு கன்சல்டன்ட் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். செய்யலாமா, இல்லை வேறு சாப்ட்வேருக்கே போய்விடலாமா?"

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். இன்று எத்தனை பீஸ் ஆனது என்று தெரிய வேண்டுமென்றால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அநேகமாக சூப்பர்வைசருக்குப் போன் போடுவீர்கள். அவருக்கு அப்போதே விளங்கிவிடும், முதலாளிக்கு வேண்டியது போனில் சொல்லும் பதில்தான், கம்ப்யூட்டர் பதிவு ஆடிட்டருக்கு என்று. அப்புறம் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பையன் உட்கார்ந்து மொத்தத்தையும் குத்துமதிப்பாக ஏற்றுவான். நீங்கள் ஈ.ஆர்.பி.யைக் கணக்குப்பிள்ளை வேலையாக நினைக்கிறீர்கள், புரொடக்‌ஷன் மேனேஜர் தன்னை வேவு பார்க்க வைத்த கேமராவாக நினைக்கிறார், சிஸ்டம் பார்ப்பவருக்கோ பிரின்டர் ஓடினால் போதும். மூன்று பேர் மனதில் மூன்று படம் இருக்கும்போது எந்த சாப்ட்வேரும் ஒட்டாது.

அந்தக் கொட்டேஷனைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஜெர்மனியின் லிடில் சூப்பர் மார்க்கெட் 2011 வாக்கில் எஸ்.ஏ.பி. என்ற கம்பெனியின் சாப்ட்வேரை வைத்துப் புது சரக்குக் கணக்கு முறையைக் கட்டத் தொடங்கியது. அந்த சாப்ட்வேர் சரக்கை விற்கிற விலையில் மதிப்பிடும், லிடிலுக்கோ வாங்கிய விலையில் மதிப்பிட்டே பழக்கம். பழக்கத்தை விட மனமில்லாமல் சாப்ட்வேரை வளைத்தார்கள், வளைத்துக்கொண்டே இருந்தார்கள். 2018இல் கைவிட்டபோது சுமார் 50 கோடி யூரோ போயிருந்ததாகச் செய்தி வந்தது. அவ்வளவு பெரிய கடைக்கே அந்தக் கதி. மாற்றி எழுதிய ஒவ்வொரு வரிக்கும் அடுத்த அப்டேட்டில் திரும்பவும் காசு கேட்பார்கள், கன்சல்டன்ட்டுக்கு அது வருடாந்திர வருமானம். சாப்ட்வேர் கம்பெனியிடம் கமிஷன் வாங்குகிறாரா என்று எழுத்தில் கேளுங்கள், முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் சாப்ட்வேர்தான் வளைய வேண்டும். அது ஜாப் ஒர்க், அதாவது நம் சரக்கை வெளியாரிடம் கொடுத்துச் செய்து வாங்கும் வேலை. நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், துணி பிறகு சுருங்காமலிருக்கச் செய்யும் காம்பாக்டிங் வேறிடம் என்று துணி ஊரைச் சுற்றி வருகிறது, ரெடிமேட் பேக்கேஜ் பலவும் எல்லாம் ஒரே கூரைக்குள் நடப்பதாக நினைத்து எழுதியவை. 100 கிலோ அனுப்பி 94 கிலோ திரும்பினால் அது பிராசஸ் லாஸ், வேலையில் இயல்பாகக் குறைவது, ஆனால் திரை ஆறு கிலோ காணோம் என்று காட்டும், ஸ்டோர்காரர் பொய் என்ட்ரி போட்டு அந்த லாட்டின் (ஒரு தடவை அனுப்பிய துணியின்) கணக்கை மூடுவார், அன்றிலிருந்து ஸ்டாக்கை யாரும் நம்பமாட்டார்கள். போதாததற்கு ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய தேதியிலேயே விற்றதாக ஜி.எஸ்.டி. சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே லாட் வாரியாக லாஸ் கணக்கு எழுதக் காசு கொடுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

வங்கியில் கொட்டேஷனைப் பார்த்து லோன் தருகிறார்கள், யார் உட்கார்ந்து பதியப்போகிறார் என்று ஒருவரும் கேட்பதில்லை. 

சரி, நாளையிலிருந்து ஒரு மாதம் சூப்பர்வைசருக்குப் போன் போடாதீர்கள். காலை மீட்டிங்கில் திரையில் உள்ளதை மட்டும் பேசுங்கள், அதில் இல்லாத பீஸ் தைக்காத பீஸ். முதல் வாரம் ரகளையாக இருக்கும். நடுவில் கட்டிங் மாஸ்டரின் நோட்டை வாங்கிப் பாருங்கள், அவர் எழுதுவதில் எதற்கெல்லாம் திரையில் இடமில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். கன்சல்டன்ட்டை அந்தப் பட்டியல் கையில் வந்த பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம்.