சீனப் பேய்க்கதைப் படங்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

கே: எந்தப் படத்தில் ஆரம்பிக்கலாம்?

1987-ல் ஹாங்காங்கில் வந்த ‘எ சைனீஸ் கோஸ்ட் ஸ்டோரி’. இயக்கம் சிங் சியூ-துங், தயாரிப்பு சூயி ஹார்க். டப்பிங் வேண்டாம், ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸ் மொழி ஒலியிலேயே சப்டைட்டிலோடு பாருங்கள்.

கே: மூலக்கதையும் படமும் ஒன்றுதானா?

இல்லை. மூலக்கதையை எழுதியவர் சீன எழுத்தாளர் பூ சோங்லிங் (1640–1715), அவருடைய ‘லியாவ்ஜாய்’ என்ற விநோதக் கதைத் தொகுப்பில் வருகிறது. பாழடைந்த கோயிலில் தங்கும் நிங் என்பவனை மயக்க சியாவ்சியன் என்ற பேய்ப்பெண் வருகிறாள். அவள் நீட்டும் தங்கக்கட்டி உண்மையில் அரக்கன் எலும்பு, வாங்கி வைத்துக்கொண்டவனின் குலையைப் பிடுங்கிவிடும். நிங் மசியவில்லை. அவளுடைய எலும்புகளைத் தோண்டி எடுத்துப்போய்த் தன் ஊரில் புதைக்கிறான், அவளும் பின்னாலேயே வந்துவிடுகிறாள். அப்புறம்தான் கதையே. அவன் அம்மா முதலில் பயப்படுகிறாள், இவளோ தண்ணீர் சேந்தி வைக்கிறாள், சமைக்கிறாள். வந்த புதிதில் சோறு தண்ணீர் எதுவும் தொடாதவள், ஆறு மாதம் போனபின் மெல்லக் கஞ்சி குடிக்கிறாள். கடைசியில் கல்யாணம், பிள்ளைப்பேறு. படத்தில் விடியும்போது பிரிந்துவிடுகிறார்கள்.

கே: பயமாக இருக்குமா?

கொஞ்சம். சிரிப்பும் உண்டு.

கே: பிரிந்தால்தானே சார் காதல்? பேய் மருமகளாகிச் சமைத்தால் யார் பார்ப்பார்கள்?

நான் பார்ப்பேன். பேயை அழவைத்து அனுப்புவது சுலபம். வீட்டுக்குள் வைத்துக் கஞ்சி குடிக்க வைப்பதுதான் கஷ்டம், பூ சோங்லிங் அதைத்தான் செய்தார்.

கே: மேலே கேட்டவருக்காக: நிங்குக்கு ஏற்கெனவே மனைவி உண்டே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

சரியான குத்தல். நோயாளி மனைவி தோதாக இறந்துபோகிறாள், கதையின் பலவீனமான இடம் அது. படம் அந்த மனைவியையே தூக்கிவிட்டது, அந்த ஒரு விஷயத்தில் படம் புத்திசாலி. ஆனால் மாமியாரையும் சேர்த்துத் தூக்கியதை நான் மன்னிக்க மாட்டேன்.

கே: மாமியார் இருந்தால் அது சீரியல் சார்.

இருக்கட்டுமே! பேயைப் பார்த்து நடுங்கும் மாமியார் எந்தச் சீரியலில் வந்தாள்?

கே: 1993-ல் வந்த ‘கிரீன் ஸ்னேக்’ பூ சோங்லிங்கின் இதே புத்தகத்திலிருந்தா?

இல்லை, அது சீனாவின் ஹாங்சோ நகரத்து வெள்ளைப்பாம்புக் கதை.

கே: பயமாக இருக்குமா, குழந்தைகளோடு பார்க்கலாமா?

பயத்தைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன், அதைப் படியுங்கள்.

கே: ‘பெயின்டட் ஸ்கின்’ (2008)?

இது பூ சோங்லிங்கின் அதே புத்தகம்தான், ஆனால் கதையைப் படித்துவிட்டுப் போனால் ஏமாறுவீர்கள். கதையில் ஒருவன் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறான்: பச்சை முகமும் ரம்பப் பல்லுமாக ஒரு பேய், மனிதத்தோலைக் கட்டிலில் விரித்துத் தூரிகையால் வண்ணம் தீட்டி, துணியை உதறுவதுபோல் உதறிப் போட்டுக்கொண்டு பெண்ணாகிறது. படத்தில் அது காதலுக்கு ஏங்கும் நரியாகிவிட்டது.

கே: தமிழ் டப்பிங் எங்கே கிடைக்கும்?

டப்பிங் வேண்டாம் என்று முதல் பதிலிலேயே சொன்னேன்.