காலையில் படுத்துவிடும் சர்வர்

கேள்வி: வேலூர் தோட்டப்பாளையத்தில் இருக்கிறேன். சிகிச்சைக்காக வெளிமாநிலங்களிலிருந்து வருபவர்களுக்கு, மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் எங்கே அறை காலி என்று காட்டும் தளம் நடத்துகிறேன். பக்கங்களை உருவாக்க பிஎச்பி, டேட்டாபேஸாக மைஎஸ்க்யூஎல், வெப் சர்வராக என்ஜின்எக்ஸ். 2 கோர், 2 ஜிபி ரேம் உள்ள விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்). காட்பாடிக்கு ரயில்கள் வரும் காலை நேரத்தில் தளம் படுத்துவிடுகிறது. பிஎச்பி வொர்க்கர்களை (ஒரே நேரத்தில் கோரிக்கைகளைக் கவனிக்கும் புராசஸ்களை) 60 ஆக ஏற்றிப் பார்த்தேன், இன்னும் மோசம். 8 ஜிபிக்கு மாறச் சொல்கிறார்கள், வாடகை கட்டுப்படியாகாது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் அந்த 60-ஐ இறக்குங்கள். கூட்டம் வந்தால் ஆளைக் கூட்டத்தான் தோன்றும், ஆனால் இங்கே வினையே அதுதான். ஒரு பிஎச்பி புராசஸ் 60 எம்பி எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 60-ம் ஒரே நேரத்தில் ஓட 3.6 ஜிபி வேண்டும். இருப்பதோ 2. மீதி ஸ்வாப்புக்கு, அதாவது ரேமுக்கு மாற்றாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடத்துக்குப் போய் டிஸ்க் திணறும். அதுவும் தீர்ந்தால் ஓஎஸ்ஸின் மையமான கர்னல் யாரையாவது கொல்லும், பெரும்பாலும் அதிக நினைவகம் வைத்திருக்கும் மைஎஸ்க்யூஎல்லைத்தான். ஓஎஸ்ஸுக்கு 300, மைஎஸ்க்யூஎல்லுக்கு 700 எம்பி ஒதுக்கினால் மிச்சம் ஏறக்குறைய 1000. அதில் 16 அடங்கும், நான் 12-தான் வைப்பேன். மற்றவர்கள் ஓபி டோக்கன் வாங்கியதுபோல் வரிசையில் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

அடுத்தது குவெரிகள், அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகள். மெதுவானவற்றைக் குறித்துவைக்கும் ஸ்லோ குவெரி லாக் இயல்பாக அணைந்தே கிடக்கும். இயக்கினாலும் 10 விநாடிக்கு மேல் ஓடுவதை மட்டும்தான் எழுதும். வரம்பை 0.5 விநாடியாக்கி ஒரு காலைப் பொழுது ஓடவிடுங்கள். அதில் சிக்கும் குவெரிக்கு முன்னால் எக்ஸ்பிளெயின் போட்டுப் பாருங்கள், டேட்டாபேஸ் எப்படித் தேடுகிறது என்று அது காட்டும். டைப் என்ற இடத்தில் 'ஆல்' என்று வந்தால், காந்தி ரோட்டில் நாலு அறை தேட மொத்த டேபிளையும் படிக்கிறது என்று பொருள். உங்கள் தேடல் பகுதி, காலி நிலை இரண்டையும் சரியாகப் பொருத்தி வாடகைப்படி வரிசையாக்குகிறது என்றால், பகுதி, நிலை, வாடகை என்ற வரிசையிலேயே டேபிளின் மூன்று நெடுவரிசைகளுக்கும் சேர்த்து ஒரே இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) போடுங்கள். தனித்தனியாக மூன்று போட்டால் இந்தப் பலன் கிடைக்காது. தேதி நெடுவரிசையை ஒரு ஃபங்ஷனுக்குள் பொதிந்து ஒப்பிட்டிருந்தால் அதன் சாதாரண இண்டெக்ஸ் வீண். 'இந்தத் தேதி முதல் அந்தத் தேதி வரை' என்று மாற்றி எழுதுங்கள்.

'இதுவரை பார்த்தவர்கள்' கவுண்டர் வைத்திருக்கிறீர்களா? பார்வைக்கு ஒரு அப்டேட் ஓடும், எல்லோரும் அதே வரியின் பூட்டுக்குக் காத்து நிற்பார்கள். எடுத்துவிடுங்கள். அதைப் பார்த்து யாரும் அறை எடுப்பதில்லை!

மைஎஸ்க்யூஎல் டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடமான இன்னோடிபி பஃபர் பூல் இயல்பாக 128 எம்பி. உங்கள் டேட்டா 300 எம்பி என்றால் 400 கொடுங்கள், டிஸ்க்கைத் தொடுவது பெருமளவு குறையும்.

இனி பெரிய லாபம். பிஎச்பி தந்த பக்கத்தின் நகலை வைத்துக்கொள்ளும் என்ஜின்எக்ஸின் ஃபாஸ்ட்சிஜிஐ கேஷில் பட்டியல் பக்கங்களை வெறும் 10 விநாடி வைத்திருங்கள். அந்த நேரத்துக்குள் ஒரே பக்கத்தை 300 பேர் கேட்டாலும் டேட்டாபேஸுக்கு ஒருவர் மட்டும் போனால் போதும். ஒருவர் பக்கத்தைக் கொண்டுவரும்வரை மற்றவர்களைக் காக்கவைக்கும் கேஷ் லாக்கையும் இயக்குங்கள். இல்லாவிட்டால் கேஷ் காலியாக இருக்கும் கணத்தில் எல்லோரும் ஒன்றாகப் பாய்வார்கள். 10 விநாடி பழைய நிலவரத்தால் யாருக்கும் நட்டமில்லை. புக்கிங் பொத்தானை அழுத்தும்போது மட்டும் டேட்டாபேஸை நேரடியாகக் கேளுங்கள்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எல்லாப் பக்கத்தின் தலையிலும், வருபவரை நினைவில் வைக்கும் செஷன் ஸ்டார்ட் இருந்தால் பிஎச்பி குக்கியும் 'சேமிக்காதே' என்ற ஹெடரும் அனுப்பும். அதைப் பார்த்ததும் என்ஜின்எக்ஸ் எதையும் கேஷ் செய்யாது. 'கேஷ் போட்டேன், பலனில்லை' என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பொதுப் பக்கங்களிலிருந்து அதை நீக்குங்கள். லாகின் செய்த லாட்ஜ்காரர்கள் மட்டும் கேஷைத் தாண்டிப் போகட்டும், இல்லையென்றால் ஒருவர் கணக்கு இன்னொருவருக்குத் தெரிந்துவிடும்.

அறைப் படங்கள் பிஎச்பி வழியாகப் போகின்றனவா என்றும் பாருங்கள். என்ஜின்எக்ஸே நேராகக் கொடுக்கட்டும், அதுவும் சுருக்கிய படங்களாக.

இவ்வளவும் செய்த பிறகு, கூட்ட நேரத்தில் நினைவக நிலையைக் காட்டும் விஎம்ஸ்டாட் கட்டளையை ஓட்டி எஸ்ஐ, எஸ்ஓ (ஸ்வாப்பிலிருந்து வருவது, ஸ்வாப்புக்குப் போவது) இரண்டையும் பாருங்கள். தொடர்ந்து பூஜ்யத்துக்கு மேலேயே நின்றால் ரேம் நிஜமாகவே போதவில்லை. அப்போதும் முதலில் 4 ஜிபியை முயன்று பாருங்கள், எடுத்த எடுப்பில் 8 வேண்டாம்.