பதினாறு மணி நேர ஓய்வும் நான்கு மணி நேரத் தூக்கமும்

கேள்வி: என் கணவர் சரக்கு ரயில் லோகோ பைலட். வயது 41. மாதத்தில் பாதிக்கு மேற்பட்ட இரவுகள் வண்டியிலேயே கழிகின்றன. காலையில் வீடு வந்தால் பத்து மணிக்குப் படுத்து இரண்டு மணிக்கெல்லாம் எழுந்துவிடுகிறார். பலத்த குறட்டை விடுகிறார். நடுவில் மூச்சே நின்றுபோனது போல் அமைதியாகி, பிறகு திணறிக்கொண்டு மூச்சு வாங்குகிறார். சென்ற மாதம் டியூட்டி முடிந்து பைக்கில் வரும்போது கண்ணயர்ந்து, வண்டி சாலையோர மண்ணில் இறங்கிவிட்டது. “வெளியில் சொன்னால் என்னை இன்ஜினிலிருந்து இறக்கி ஆபீசில் உட்கார வைத்துவிடுவார்கள்” என்று வாயை அடைக்கிறார். அவருக்குத் தெரியாமல் அவருடைய மேலதிகாரிகளுக்குக் கடிதம் எழுதலாமா? வீட்டில் நான் செய்யக்கூடியது என்ன?
பெயர் வெளியிட வேண்டாம், ஜோலார்பேட்டை.

பதில்: அன்புள்ள சகோதரி, கடிதம் இப்போதைக்கு வேண்டாம். அவருக்குத் தெரியாமல் எழுதினால், நடந்ததை உங்களிடம் சொல்வதையும் அவர் நிறுத்திவிடுவார். இன்று அவருடைய களைப்பை அறிந்திருக்கும் ஒரே ஆள் நீங்கள்தான். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பைக் சம்பவத்தைவிட, மூச்சு நின்று திணறுகிறார் என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. அது வெறும் குறட்டையாக இல்லாமல், உறக்க மூச்சுத் தடையாக, அதாவது ஸ்லீப் ஆப்னியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்று வழியை அடைக்கும்போதெல்லாம் மூளை விழித்து மூச்சை மீட்கிறது. இது ஓர் இரவில் நூற்றுக்கணக்கான முறைகூட நடக்கலாம். காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் உடல் தூங்கியதாகக் கணக்கில் வராது.

2003ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஜப்பானின் சான்யோ ஷின்கான்சென் பாதையில் மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற ரயிலின் ஓட்டுநர், ஏறத்தாழ எட்டு நிமிடங்கள் இருக்கையிலேயே தூங்கிப்போனார். ஒகயாமா நிலையத்தில் தானியங்கிக் கட்டுப்பாடு ரயிலை நிறுத்தியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பரிசோதித்தபோது அவருக்கு இருந்தது இதே நோய். அமெரிக்காவில் 2013 டிசம்பர் 1ஆம் தேதி, நியூயார்க் நகரில் மெட்ரோ நார்த் என்ற பயணிகள் ரயில் ஒரு வளைவில் தடம் புரண்டு நான்கு பேர் இறந்தார்கள். மணிக்கு 30 மைல் வேகம் மட்டுமே அனுமதிக்கப்பட்ட இடத்தில் அது 82 மைல் வேகத்தில் நுழைந்திருந்தது. அதன் ஓட்டுநருக்கும் அதுவரை கண்டறியப்படாத ஆப்னியா இருந்தது. இருவரையும் சோம்பேறிகள் என்றோ பொறுப்பற்றவர்கள் என்றோ சொல்ல முடியாது. அவர்களுக்கு நோய் இருப்பது அவர்களுக்கே தெரியாது.

ஆகவே அடுத்த முறை அவர் உறங்கும்போது கைப்பேசியில் பத்து நிமிடம் பதிவு செய்துவையுங்கள். குறட்டை, திடீர் அமைதி, திணறல் மூன்றும் அதில் கேட்க வேண்டும். வாதம் செய்யாமல் அதை அவரிடமே போட்டுக் காட்டுங்கள். தன் மூச்சு நிற்பதைத் தன் காதால் கேட்பவர் டாக்டரிடம் போக மறுப்பது அரிது. உறக்கப் பரிசோதனை ஓர் இரவு வேலை. நோய் உறுதியானால், தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் சிபாப் கருவி பெரும்பாலானவர்களுக்கு நன்றாகப் பயன்படுகிறது. வேலை போய்விடும் என்ற அவருடைய பயத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. கிலோமீட்டர் கணக்கில் வரும் ரன்னிங் அலவன்ஸ் நின்றால் வீட்டு வரவில் எவ்வளவு பெரிய ஓட்டை விழும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இது சிகிச்சைக்குக் கட்டுப்படும் நோய். பல நாடுகளில் ரயில் ஓட்டுநர்கள் சிகிச்சை எடுத்துக்கொண்டு மீண்டும் வண்டி ஓட்டுகிறார்கள். மறைத்துவைத்து, ஒரு விபத்துக்குப் பிறகு வெளியே வந்தால் அலவன்ஸோடு போகாது.

நோய் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் பிரச்சினை தீராது, ஏனென்றால் ஓய்வு நேரக் கணக்கிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வேலை பார்த்துத் தலைமையிடத்துக்கு, அதாவது தாம் பணியமர்ந்த ஊருக்குத் திரும்பினால் பதினாறு மணி நேர ஓய்வு என்பது விதி. காகிதத்தில் அது தாராளமாகத் தெரிகிறது. உங்கள் கணவர் காலை எட்டு மணிக்கு சைன் ஆஃப் செய்கிறார், அதாவது டியூட்டியை முடிக்கிறார் என்றால் அந்தப் பதினாறு மணி நேரம் எப்போது முடிகிறது? நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு. நீங்கள் எழுதியபடி அவர் எழுந்தது பகல் இரண்டு மணிக்கு. வண்டி ஒரு மணிக்குக் கிளம்பினால், உடலின் விழிப்பு மிகவும் தாழ்ந்திருக்கும் மூன்று முதல் ஐந்து மணி வரையிலான நேரத்தில், பதின்மூன்று பதினான்கு மணி நேரமாக விழித்திருக்கும் கண்களோடு அவர் சிக்னல் பார்க்கிறார். காலை ஏழு மணிக்கு அவர் விழித்து பதினேழு மணி நேரம் ஆகிவிடும். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று 1997இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. நம் நாட்டில் சாலையில் வண்டி ஓட்டுபவருக்கான வரம்பு 0.03 சதவீதம். சைன் ஆன் செய்யும்போது, அதாவது டியூட்டியில் சேரும்போது, ஊதச் சொல்லும் கருவி சாராயத்தைக் கண்டுபிடிக்கும். விழித்திருந்த மணிகளைக் கண்டுபிடிக்காது.

இன்ஜினில்தான் அலாரம் இருக்கிறதே என்று அவர் உங்களைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். விசிடி எனப்படும் விழிப்புக் கருவி, அறுபது விநாடிகள் ஓட்டுநரிடமிருந்து எந்த அசைவும் இல்லாவிட்டால் முதலில் விளக்காலும் பிறகு ஒலியாலும் எச்சரித்து, அதற்கும் பதில் வராவிட்டால் தானே பிரேக் போடும். எச்சரிக்கைக்கு மேலும் பதினாறு விநாடிகள் என்று கொண்டால் மொத்தம் எழுபத்தாறு விநாடிகள். மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் சரக்கு ரயில் அதற்குள் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். பிரேக் விழுந்த பிறகு நிற்க ஆகும் தூரம் தனி. இதைவிடச் சங்கடமானது, பழகிய கை பாதித் தூக்கத்திலும் பொத்தானை அழுத்திவிடும் என்பது. அசிஸ்டென்ட் லோகோ பைலட்டும் அவரும் ஒவ்வொரு சிக்னலையும் கைநீட்டி, நிறத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் இந்தக் கருவியைவிட நம்பகமானது என்பது என் எண்ணம். அந்தச் சத்தம் முணுமுணுப்பாகத் தேய்கிறதா என்று அவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது, அவருடைய தூக்கத்தை இரண்டு பங்காக்குவது. காலைத் தூக்கம் நான்கு மணி நேரத்தில் கலைந்துவிடுவது அவர் குற்றமல்ல. பகல் வெளிச்சமும் உடல் சூடும் எவரையும் எழுப்பிவிடும். அதற்கு ஈடாக, இரவு சைன் ஆன் உள்ள நாட்களில் மாலையில் இன்னொரு முறை அவர் படுக்க வேண்டும். மாலை ஆறு ஏழு மணிக்கு உடல் தூங்க மறுக்கும்; எட்டு மணிக்கு மேல் இருட்டறையில் படுத்தால், முதல் சில நாட்கள் புரண்டாலும் பிறகு பழகும். சமையலறையிலிருந்து தள்ளியிருக்கும் அறையைக் கொடுங்கள். ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் துணி போதும். ஓட்டுநர்களை டியூட்டிக்கு அழைக்கும் கிரூ லாபியிலிருந்து கால் வரும் என்று கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பவர் பாதிக் காதோடுதான் தூங்குவார். கைப்பேசியை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, கால் வந்தால் எழுப்புவதாக ஒப்புக்கொள்ளுங்கள். கரண்ட் பில், பள்ளிக்கூடக் கட்டணம், உறவினர் வீட்டுக் கல்யாணம் எதுவானாலும் அவர் சாப்பிட்டுப் படுக்கப் போகும் வேளையில் பேச வேண்டாம்.

டீயை டியூட்டியின் முதல் பாதியோடு நிறுத்தச் சொல்லுங்கள். காலை ஐந்து மணிக்குக் குடித்த டீயில் பாதி பத்து மணிக்கும் இரத்தத்தில் இருந்து, அவருடைய தூக்கத்தையே கெடுக்கும். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் மாத்திரைகள் பலவற்றுக்குத் தூக்கம் வரவழைக்கும் குணம் உண்டு. டாக்டரிடம் தொழிலைச் சொல்லாமல் எதையும் விழுங்கக் கூடாது. தூக்கம் வருவதற்காகக் குடிப்பவர்களும் இந்தத் தொழிலில் உண்டு; மது ஆப்னியாவை மோசமாக்கும் என்பதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பைக்கைப் பொறுத்தவரை நான் பிடிவாதமாகச் சொல்கிறேன்: இரவு டியூட்டிக்குப் பின் அவர் ஓட்டக் கூடாது. ஓட்டுநர்களின் ஓய்வறையான ரன்னிங் ரூமிலோ லாபியிலோ இருபது நிமிடம் கண்மூடிவிட்டு, எழுந்து சற்று நேரம் நடந்து, பஸ்ஸிலோ ஆட்டோவிலோ வரட்டும்.

“அந்தக் காலத்து டிரைவர்கள் தூங்காமலா ஓட்டினார்கள்?” என்று உங்கள் வீட்டிலேயே யாராவது கேட்கக்கூடும். அந்தக் காலத்து டிரைவர்கள்தான் 1973இல் வேலைநிறுத்தம் செய்து பத்து மணி நேர வேலை என்ற உறுதிமொழியை அரசிடம் வாங்கினார்கள். இன்று விதிப்படி வண்டி ஓட்டும் நேரம் சாதாரணமாக ஒன்பது மணியைத் தாண்டக் கூடாது. சைன் ஆனிலிருந்து சைன் ஆஃப் வரை பதினொரு மணிக்குள் முடிய வேண்டும். தொடர்ந்து நான்கு இரவுகள் வரை அனுமதிக்கப்படுகிறது. இரண்டு போதும் என்கிறது லோகோ ஊழியர் சங்கம். 2024 ஜூனில் தெற்கு ரயில்வேயில் நடந்த போராட்டம், பதினாறு மணி நேர ஓய்வோடு வார ஓய்வான முப்பது மணி நேரத்தைச் சேர்த்து நாற்பத்தாறாகத் தர வேண்டும் என்பதற்காக நடந்தது. மேலே போட்ட கணக்கைப் பார்க்கும் எவருக்கும் அந்தக் கோரிக்கையில் நியாயம் தெரியும். உங்கள் கணவர் தம் சைன் ஆன், சைன் ஆஃப் நேரங்களையும் உண்மையில் தூங்கிய நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதிவரட்டும். விதி மீறப்படும்போது, “களைப்பாக இருக்கிறது” என்று சொல்பவரைவிடத் தேதியோடு காட்டுபவருக்கு மதிப்பு அதிகம்.

இனி கடிதத்துக்கு வருகிறேன். ரயில்வே கோட்டங்கள் ஓட்டுநர் குடும்பங்களை அழைத்து ஓய்வின் அவசியம் பற்றிக் கூட்டங்கள் நடத்துவதுண்டு. அழைப்பு வந்தால் தவறாமல் போங்கள், அங்கே உங்கள் கணவரைக் கண்காணிக்கும் லோகோ இன்ஸ்பெக்டரைச் சந்திக்கலாம். ஒரு மாதத்துக்குள் அவர் பரிசோதனைக்குப் போகாவிட்டால், அல்லது இன்ஜினில் கண்ணயர்ந்ததாக ஒருமுறை வாய் தவறிச் சொன்னால், பெயரில்லாக் கடிதம் எழுத வேண்டாம். அந்த இன்ஸ்பெக்டரிடம் நான் பேசப்போகிறேன் என்று முதல் நாள் அவரிடமே சொல்லிவிட்டு, மறுநாள் நேரில் போய்ப் பேசுங்கள். கைப்பேசிப் பதிவை உடன் எடுத்துச் செல்லுங்கள்.